மகள் ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறாள்: அதற்கு முன் நிலத்தை அவள் பெயருக்கு எழுதிவிட வேண்டுமா?

கேட்பவர்: கொழிஞ்சாம்பாறை ஓய்வாசிரியர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் எருத்தேம்பதிக்கும் நடுவில் எங்கள் வீடு இருக்கிறது. தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மூத்த மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படித்து, ஜெர்மன் மொழியில் பி2 நிலை தேறி, 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனிக்குச் சென்றாள். இப்போது அங்கே ஒரு மருத்துவமனையில் நிரந்தரப் பணியில் இருக்கிறாள். நிரந்தரக் குடியிருப்பு அனுமதியும் கிடைத்துவிட்டது. சென்ற மாதம் பேசும்போது, "அப்பா, இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் சரி என்றால்தான் தாள்களைக் கொடுப்பேன்" என்றாள். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அவள் முடிவைத் தடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் சரி என்று சொல்வதற்கு முன் எதற்குச் சரி என்று சொல்கிறேன் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2024 முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது என்று அவள் சொல்கிறாள். அப்படியானால் இந்தியக் குடியுரிமையும் அவளிடம் இருக்குமா?

இரண்டாவது, எங்களுக்கு இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் தென்னந்தோப்பும், வீடு இருக்கும் பதினெட்டு சென்ட் இடமும் உண்டு. எல்லாம் என் சம்பாத்தியத்தில் வாங்கியவை, என் பெயரில் கரம் (நில வரி) அடைத்து வருகிறேன். தோப்பில் பாதியை மகளுக்கும் பாதியை மகனுக்கும் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். வெளிநாட்டுக்காரி ஆகிவிட்டால் அவளுக்கு இங்கே நிலம் வாங்கவோ வைத்திருக்கவோ உரிமை இராது, எனவே குடியுரிமை மாறுவதற்குள் இஷ்டதானமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று ஊரில் பலரும் சொல்கிறார்கள். அடுத்த வாரம் ஆதாரம், அதாவது தானப் பத்திரம், எழுத நாள் குறித்திருக்கிறேன்.

மூன்றாவது, 2022இல் என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது மகள் நான்கரை மாதம் இங்கே வந்து தங்கினாள். அது அவளுடைய ஆண்டுக் கணக்கைக் குலைக்குமா? இனி அப்படி ஒரு தேவை வந்தால், நினைத்த மாத்திரத்தில் அவளால் வர முடியுமா?

கடைசியாக, பெயர். அவள் பிறந்தது கோவையில். மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றில் ஒரு எழுத்துக்கூட்டல், கேரள எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் வேறொன்று. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. இதனால் தடை வருமா? நேரில் கண்டவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: வேலந்தாவளத்துக்காரன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் வேலந்தாவளத்தைச் சேர்ந்தவன். 2014 முதல் தெற்கு ஜெர்மனியில் இருக்கிறேன். சென்ற ஆண்டு குடியுரிமை பெற்றேன். முதல் கேள்விக்கு மறுமொழி சுருக்கமானது, வருத்தம் தருவதும் கூட. இந்தியக் குடியுரிமை அவளிடம் இருக்காது.

2024 ஜூன் 27 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, ஜெர்மன் குடியுரிமை பெறுபவர் பழைய குடியுரிமையைக் கைவிட வேண்டும் என்று ஜெர்மனி இப்போது கேட்பதில்லை. மகள் சொன்னது அந்த அளவில் உண்மை. ஆனால் 1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் 9ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தன் விருப்பத்தால் வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறும் இந்தியர், பெற்ற அந்தக் கணத்திலேயே இந்தியக் குடிமகனாக இருப்பதை நிறுத்திவிடுகிறார் என்று அது சொல்கிறது. யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, நாமும் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஜெர்மன் அலுவலகத்தில் குடியுரிமைச் சான்றிதழைக் கையில் வாங்கும் நிமிடத்தில் அது நடந்துவிடுகிறது. துருக்கிய நண்பர்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்வதைப் பார்த்து நம்மவர்களும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். அது அவர்கள் நாட்டின் சட்டம் தரும் இடம், நம் நாட்டின் சட்டம் அந்த இடத்தைத் தரவில்லை. சான்றிதழ் வாங்கிய பிறகும் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். அபராதம் கட்ட நேரும். மகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

நிபந்தனைகளில் அவளுக்குச் சிக்கல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. முன்பு எட்டு ஆண்டுகள் என்றிருந்த குடியிருப்புக் காலம் இப்போது ஐந்து ஆண்டுகள். (சிறப்பாக ஒன்றிணைந்தவர்களுக்கு மூன்றே ஆண்டு என்று இருந்த வழி 2025 அக்டோபரில் நீக்கப்பட்டுவிட்டது; பழைய காணொளிகளைப் பார்த்து அதை நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) மொழிக்கு பி1 நிலை போதும், அவள் அதற்கு மேலான பி2 தேறியவள். அரசின் வாழ்வாதார உதவித்தொகையை நம்பாமல் தன் சம்பளத்தில் வாழ வேண்டும், அதிலும் குறையில்லை. குடியுரிமைத் தேர்வில் 33 கேள்விகள் வரும். 17க்குச் சரியாக விடை எழுதினால் தேர்ச்சி. நேரம் ஒரு மணி. மொத்தம் 310 கேள்விகள் முன்கூட்டியே வெளியிடப்பட்டிருக்கின்றன: 300 நாட்டுக்குப் பொதுவானவை, 10 அவள் வசிக்கும் மாநிலத்தைப் பற்றியவை. இவற்றுக்கு வெளியே எதுவும் வராது. விண்ணப்பக் கட்டணம் 255 யூரோ.

2022இல் தங்கிய நான்கரை மாதம் கணக்கைக் குலைக்காது. ஒரே தடவையில் ஆறு மாதம் வரை வெளிநாட்டில் இருந்தாலும் குடியிருப்புத் தொடர்ச்சி அறுவதில்லை என்று சட்டமே சொல்கிறது.

இனி வருவதைப் பற்றி. அவளுக்கு ஓ.சி.ஐ. அட்டை கிடைக்கும். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை அது. கையில் வந்த பிறகு வாழ்நாள் முழுவதும் விசா வேண்டாம். எத்தனை மாதம் தங்கினாலும் காவல் அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. ஆனால் அட்டை வருவதற்கு முன் ஓர் இடைவெளி இருக்கிறது, அதில்தான் நான் தவித்தேன். சான்றிதழ் வாங்கிய பின் ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்; அது வந்த பின் இந்தியத் தூதரகத்தில் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஒப்படைப்புச் சான்று பெற வேண்டும்; அதற்குப் பின்தான் ஓ.சி.ஐ. எனக்கு இந்த மூன்றும் முடிய ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின. அந்த நாட்களில் என் சித்தப்பா காலமானார். கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாது, ஜெர்மன் பாஸ்போர்ட் அச்சில் இருந்தது. காரியத்துக்குக்கூட என்னால் வர முடியவில்லை. அதனால் சொல்கிறேன்: சான்றிதழ் தரும் நாளை அலுவலகம் குறிக்கும்போது, அம்மாவுக்கு ஏதேனும் சிகிச்சையோ வீட்டில் விசேஷமோ அடுத்த மாதங்களில் இருக்குமானால், நாளைத் தள்ளிக் கேட்கச் சொல்லுங்கள். ஜெர்மன் பாஸ்போர்ட் வந்தவுடன் ஒரு சாதாரண விசாவாவது எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

பெயர் விஷயத்தில் இப்போதே வேலையைத் தொடங்குங்கள். நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் இதுதான் சங்கடம்: பிறப்பு தமிழ்நாட்டில், படிப்பு கேரளத்தில், தகப்பன் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்து (இனிஷியல்) மட்டும், இன்னோர் இடத்தில் முழுப்பெயர். இரண்டு எழுத்துக்கூட்டலும் ஒரே நபரைக் குறிக்கிறது என்று நம் கேரள வருவாய்த் துறை ஒரு சான்று தருகிறது. அதை வாங்கி வையுங்கள். ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்ட இந்தியா இடும் அப்போஸ்டில் முத்திரையை ஜெர்மனி ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். முத்திரைக்காகத் திருவனந்தபுரத்துக்கு அலைந்து பணம் செலவழித்துவிட்டு, பிறகு அது செல்லாது என்று தெரிந்து வருந்தியவர்களை அறிவேன். அங்குள்ள அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால், இந்தியாவில் உள்ள ஜெர்மன் தூதரகத்தின் வழியே ஆவணத்தைச் சரிபார்க்கச் சொல்வார். சரிபார்ப்பவர் பிறப்புப் பதிவேட்டைத் தேடிப் போவார் என்பதால், பிறப்புச் சான்றைப் பாஸ்போர்ட்டுக்கு ஒத்தபடி திருத்த முடிந்தால் கோவை மாநகராட்சியிலேயே திருத்தி வாங்குவது எல்லாவற்றிலும் உறுதியான வழி.

குடும்பப் பெயர் காலியாக இருப்பது தடையல்ல. குடியுரிமை கிடைத்த பின், எது தன் பெயர், எது குடும்பப் பெயர் என்று பதிவு அலுவலகத்தில் அறிவித்துக்கொள்ள ஜெர்மன் சட்டம் ஒரு வாய்ப்புத் தருகிறது. நான் என் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக அறிவித்தேன். பாஸ்போர்ட் எடுப்பதற்கு முன்பே அறிவித்துவிட்டால் ஒரே பெயர் எல்லா ஆவணங்களிலும் வரும்.

நிலத்தைப் பற்றி விவரம் அறிந்தவர் எழுதட்டும். அது வரை அந்த ஆதாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதில் 2: ஆதார எழுத்தர், சித்தூர்

ஐயா, நாள் குறித்துவிட்டேன் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன். தோப்பை மகளுக்கு இஷ்டதானமாக எழுத வேண்டாம். குடியுரிமை மாறிய பின் மட்டுமல்ல, இன்றைக்கும் எழுதக் கூடாது.

ஊரில் சொல்பவர்கள் நிலத்தைப் பற்றிய தடையைக் குடியுரிமையோடு சேர்த்து நினைக்கிறார்கள். அந்தத் தடை 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்திலிருந்தும் அதன் கீழ் 2019இல் வந்த விதிகளிலிருந்தும் பிறக்கிறது. அந்தச் சட்டம் முதலில் பார்ப்பது ஒருவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை அல்ல, எங்கே வசிக்கிறார் என்பதை. வேலைக்காக வெளிநாடு சென்று அங்கே வசிப்பவர், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர்தான். அப்படிப்பட்டவர் இங்கே வீடு வாங்கலாம், வீட்டுமனை வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகிய மூன்றை மட்டும் விலைக்கு வாங்கவும் கூடாது, உறவினரிடமிருந்து தானமாகப் பெறவும் கூடாது. ஆக 2019இல் விமானம் ஏறிய நாளிலிருந்தே உங்கள் மகள் இந்தத் தடைக்குள் இருக்கிறாள். ஓ.சி.ஐ. அட்டைக்காரருக்கும் இதே விதிதான், கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. குடியுரிமை மாறுவதால் நிலத்தின் விஷயத்தில் அவள் எதையும் இழக்கப் போவதில்லை. அவசரப்பட்டு எழுதினால்தான் இழப்பு: மீறலில் அடங்கிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.

சப் ரிஜிஸ்ட்ரார் பதிந்து கொடுத்துவிட்டாரே என்று பிறகு சொல்லிப் பயனில்லை. பதிவு அலுவலகம் முத்திரைக் கட்டணத்தையும் ஆள் அடையாளத்தையும் பார்க்கும்; பெறுபவர் எங்கே வசிக்கிறார் என்ற கேள்வி பல சமயம் எழுவதே இல்லை. விற்கும் காலத்தில் வாங்குபவரின் வக்கீல் எழுப்புவார், அப்போது எல்லாம் தெரியவரும்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் வழி வாரிசுரிமை. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டைக்காரரும், இந்தியாவில் வசித்தவரிடமிருந்து விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம், வைத்திருக்கலாம், அதில் தேங்காய் வெட்டி வரும் வருமானத்தை அனுபவிக்கலாம். ஆகவே நீங்கள் எழுத வேண்டியது ஒஸ்யத்து, அதாவது உயில். அதற்கு முத்திரைக் கட்டணம் கிடையாது. இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். பிள்ளைகளில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும்போது பதிந்த உயில் பிற்காலத்தில் பல கேள்விகளைத் தடுக்கும். தோப்பில் யாருக்கு எந்தப் பக்கம் என்பதைச் சர்வே எண்ணோடும் நான்கு எல்லையோடும் எழுதுங்கள். கிணறும் மோட்டாரும் வழியும் இருவருக்கும் பொது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நம் சித்தூர்க் கிழக்கில் மழை குறைவு, கிணற்றுத் தண்ணீரில்தான் வழக்குகள் தொடங்குகின்றன. உங்கள் காலத்துக்குப் பின், உயிலையும் இறப்புச் சான்றையும் வைத்து வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு (பட்டா மாற்றம்) செய்து, அவள் பெயரில் கரம் அடைக்கலாம்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. வாரிசாகப் பெற்ற தோப்பை அவள் விற்க நினைத்தால், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டுமே விற்கலாம். தம்பிக்கு விற்கத் தடையில்லை.

வீடு இருக்கும் பதினெட்டு சென்ட்டைப் பற்றியும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அது வீட்டுமனை என்பதால் அதை மகளுக்கு இன்றைக்கே தானமாகக் கொடுக்கலாம், குடியுரிமை மாறிய பிறகும் கொடுக்கலாம். ஆனால் நீங்கள் இருவரும் குடியிருக்கும் வீடு அது. வாழ்நாள் அனுபவ உரிமையை உங்களுக்கும் துணைவியாருக்கும் வைத்துக்கொள்ளாமல் எழுதாதீர்கள். பிள்ளைகள் மீது நம்பிக்கை இல்லாததால் இதைச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டுச் சொந்த வீட்டில் தயங்கித் தயங்கி உட்கார்ந்திருக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

பதில் 3: புனலூர் தோட்டத்துப் பேரன்

மேலே இருவரும் எழுதியதில் எனக்கு மாறுபாடு இல்லை. வரிசை முறையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மன் சான்றிதழ் கைக்கு வரும் வரை இந்தியக் குடியுரிமையை விட்டுவிடுவதாக எந்தத் தாளிலும் உங்கள் மகள் கையெழுத்திடக் கூடாது. பழைய சட்டக் காலத்தில் முன்கூட்டியே துறக்கும் வழக்கம் இருந்தது; அதைக் கேட்டவர்கள் இன்றும் அப்படியே அறிவுரை சொல்வார்கள். இப்போது அதற்குத் தேவையே இல்லை.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் என் பாட்டி. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவரைப் போன்ற இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களை எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று எண்ணிக்கையாகப் பிரித்தார்கள். பாட்டி இந்தியாவுக்கு விண்ணப்பித்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, பின்பு புனலூரில் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கப்பட்ட இரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். காத்திருந்த காலத்தில் யாரேனும் "உங்கள் நாடு எது" என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் தோட்டத்தின் பெயரைச் சொன்னதாக அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். கடைசிவரை தம் இந்தியப் பாஸ்போர்ட்டைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார்.

உங்கள் மகளுடைய நிலை அது அல்ல. அவள் தானே விரும்பித் தேர்ந்தெடுக்கிறாள், அது பெரிய பாக்கியம். ஆனாலும் ஒரு நாள்கூட நாடற்றவளாக அவள் நிற்கக் கூடாது.

கேட்பவர் மீண்டும்: கொழிஞ்சாம்பாறை ஓய்வாசிரியர்

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஆதாரம் எழுதும் நாளை நேற்றே ரத்து செய்துவிட்டேன். என் மனைவி இதையெல்லாம் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு அவள் எழுப்பிய இரண்டு கேள்விகளை இங்கே வைக்கிறேன். எங்கள் பேத்தி 2023இல் அங்கே பிறந்தாள், தூதரகத்தில் பதிந்து இந்தியப் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறார்கள். அவளும் தாயோடு மாற வேண்டுமா? இன்னொன்று, மகள் என்றாவது ஊருக்கே திரும்பி வர நினைத்தால், இங்கே வேலை செய்யலாமா? மறுபடியும் இந்தியக் குடிமகள் ஆக வழி இருக்கிறதா?

பதில் 4: வேலந்தாவளத்துக்காரன்

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் ஐயா. குழந்தை மாறித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாயின் விண்ணப்பத்தோடு சேர்த்தால் குழந்தைக்கு 51 யூரோதான் கட்டணம். சேர்த்தால் தாய்க்குச் சொன்ன அதே நடைமுறைதான் குழந்தைக்கும்: இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓ.சி.ஐ. வாங்க வேண்டும். அவள் வளரப் போவது அங்கேதான் என்றால் சேர்ப்பதே நல்லது என்பது என் எண்ணம். மருமகன் இந்தியக் குடிமகனாகவே தொடரலாம்.

திரும்பி வந்தால் வேலை செய்யலாம். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், வழக்கறிஞர் போன்ற தொழில்களை, அந்தந்தச் சட்டங்களின்படி இங்கே பதிவு செய்து ஓ.சி.ஐ. அட்டைக்காரர் நடத்தலாம் என்று 2021 மார்ச் 4 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு சொல்கிறது. கோவையிலோ பாலக்காட்டிலோ தனியார் மருத்துவமனையில் சேரத் தடையில்லை; அரசு மருத்துவமனைப் பணிக்கு மட்டும் வர முடியாது. வாக்குரிமையும் போய்விடும். நம் ஊர் வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் இன்னும் இருந்தால், சான்றிதழ் கிடைத்ததும் 7ஆம் எண் படிவம் கொடுத்து நீக்கிவிடுங்கள். பெயர் பட்டியலில் கிடப்பது பின்னால் தொல்லையாகும்.

மீண்டும் குடிமகள் ஆகவும் வழி இருக்கிறது. ஓ.சி.ஐ. பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகி, விண்ணப்பிப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்கள் இந்தியாவில் வசித்திருந்தால், இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ் குடிமகளாகப் பதிவு செய்துகொள்ளக் கேட்கலாம். அப்போது ஜெர்மன் குடியுரிமையை விட வேண்டியிருக்கும்.

கேட்பவர்: கொழிஞ்சாம்பாறை ஓய்வாசிரியர்

நேற்று இரவு மகளை அழைத்துப் பேசினோம். "தாள்களைக் கொடு" என்று அவள் அம்மாதான் முதலில் சொன்னாள். சான்றிதழ் வாங்கும் நாளை மட்டும் எங்களிடம் கேட்டுவிட்டுக் குறிக்கச் சொல்லியிருக்கிறோம். அவள் அம்மாவுக்கு மறு பரிசோதனை தை மாதத்தில் இருக்கிறது, அது முடியட்டும். குடும்பப் பெயராக எதை அறிவிப்பது என்று கேட்டேன். என் பெயரைத்தான் வைக்கப் போவதாகச் சொன்னாள். திங்கட்கிழமை பிறப்புச் சான்றைத் திருத்தக் கோவைக்குப் போகிறேன். அதன் பிறகு கிணற்றையும் வழியையும் சேர்த்து உயிலை எழுத, சித்தூர் எழுத்தர் ஐயா அனுமதித்தால் அவரிடமே வருகிறேன்.